நோய்க்குப் பெயர் வருவதற்கு முன்

ஆர்கானிக் கெமிஸ்ட்ரி முதல் பாகத்தில் ஒரு மாணவிக்கு நான் போட்ட சி பிளஸ் இன்னும் என்னை விட்டபாடில்லை. போட்டது தவறு என்று சொல்ல மாட்டேன். தேர்வுகளில் அவள் எடுத்த மதிப்பெண்ணுக்கு அதுதான் வரும். அதே மதிப்பெண் எடுத்த மற்ற பிள்ளைகளுக்கும் அதையேதான் போட்டேன். ஆனால் அந்த செமஸ்டர் முழுக்க அவள் உடம்பில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது பிறகு தெரியவந்தது. அப்படியென்றால் அந்த எழுத்து எதை அளந்தது என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். என் வகுப்பில் பாதிக்கு மேல் டாக்டராக வேண்டும் என்ற நினைப்போடு வந்து உட்காரும் பிள்ளைகள். நான் போடும் எழுத்து, மருத்துவக் கல்லூரிகளுக்குப் பொதுவான ஆம்காஸ் விண்ணப்பத்தில் ஏறி, நான் பார்த்தேயிராத ஒருவருடைய மேசைக்குப் போய்ச் சேரும். இது தெரிந்துதான் ஒவ்வொரு டிசம்பரிலும் மதிப்பெண் பதிகிறேன்.

அந்தப் பெண்ணின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன். தமிழ்க் குடும்பம், இங்கேயே பிறந்து வளர்ந்தவள், இரண்டாம் ஆண்டு. முதல் வரிசையில் உட்கார்ந்தவள் அக்டோபரில் கதவோரத்துக்கு மாறினாள். பாடம் நடக்கும்போதே எழுந்து போவாள், இருபது நிமிடம் கழித்து வருவாள். முகம் வற்றிக்கொண்டே வந்தது. மாணவர் சுகாதார மையத்தில் முதலில் வயிற்றுப் பூச்சி என்றார்கள், பிறகு மன அழுத்தம் என்றார்கள், பிறகு எரிச்சல் குடல் நோயாக இருக்கலாம் என்றார்கள். குடலில் நாள்பட்ட அழற்சி உண்டாக்கும் குரோன்ஸ் என்று பெயர் கிடைத்தது அடுத்த பிப்ரவரியில்தான், கொலனோஸ்கோபியும் பயாப்சியும் முடிந்த பிறகு. 1932-இலேயே மருத்துவ இதழில் விவரிக்கப்பட்ட நோய்தான். பதினைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடையே, அதாவது சரியாகக் கல்லூரி வயதில்தான், அதிகம் தலைகாட்டும். ஆனாலும் அதைக் கண்டுபிடிக்கப் பல மாதங்கள் ஆவது சாதாரணம். வயிற்றுவலியும் பேதியும் களைப்பும் யாருக்கும் எதற்கும் வரலாம், அதுவும் தேர்வுக் காலத்தில் எந்த மாணவருக்கும் வரலாம்.

கெடு தேதிகள் அந்தப் பிப்ரவரிக்காகக் காத்திருக்கவில்லை. எங்கள் கல்லூரியில் ஒரு பாடத்திலிருந்து விலகிக்கொள்ள ஏறக்குறைய பத்தாவது வாரம்வரை நேரம் உண்டு. விலகினால் டிரான்ஸ்கிரிப்ட் என்னும் மதிப்பெண் பதிவேட்டில் விலகியதற்கு அடையாளமாக ஒரு டபிள்யூ விழும், ஜிபிஏ என்னும் சராசரிக் கணக்கில் சேராது. கெடுவுக்கு முந்தைய நாள் சாயங்காலம் அவள் என் அறைக்கு வந்தாள். "ட்ராப் பண்ணட்டுமா ப்ரொபசர்?" என்று கேட்டாள். "உடம்புக்கு என்னன்னு தெரிஞ்சுதா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். வீட்டில் டபிள்யூ வேண்டவே வேண்டாம் என்கிறார்களாம். மெடிக்கல் ஸ்கூல்காரர்கள் பார்த்தால் பாதியில் விட்டு ஓடியவள் என்று நினைப்பார்கள், எப்படியாவது பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடு என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு டபிள்யூவால் யாருடைய விண்ணப்பமும் விழுவதில்லை என்று சொன்னேன். மூன்றாவது தேர்வில் அவளுக்கு என்ன வரும் என்று எனக்கே தெரியாது என்றும் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "பேர் தெரியாத நோய்க்காக எப்படி விலகறது? நாளைக்கே சரியாயிடுச்சுன்னா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவள் விலகவில்லை. எல்லாத் தேர்வும் எழுதினாள், ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

ஒன்றைக்கூடத் தவறவிடாததுதான் அவளுக்கு வினையானது. இன்கம்ப்ளீட் என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலான வேலையைத் தேர்ச்சி நிலையில் முடித்துவிட்டு, கடைசிப் பரீட்சை மாதிரி ஏதோ ஒன்று மட்டும் உடல்நலக் குறைவால் நின்றுபோனால் அதைக் கொடுக்கலாம். பிறகு எழுதி முடித்துக்கொள்ளலாம். அவள் விஷயத்தில் நின்றுபோனது எதுவுமே இல்லை. காய்ச்சலோடும் ரத்தசோகையோடும் வந்து உட்கார்ந்து முழு விடைத்தாளையும் நிரப்பிக் கொடுத்தவளுக்கு, விதிப்படி நான் தரக்கூடியது அவள் எழுதியதற்கு வந்த மதிப்பெண் மட்டுமே. பரீட்சைக்கு வராமல் படுத்துக் கிடந்த பிள்ளைக்கு ஒரு வழி இருந்தது. எழுந்து வந்தவளுக்கு இல்லை.

ஒரு செமஸ்டரின் கணக்கு

எண்களில் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். முதல் ஆண்டில் 30 கிரெடிட், சராசரி நான்குக்கு 3.8 என்று வைத்துக்கொள்வோம். நோய் வந்த செமஸ்டரில் 16 கிரெடிட், எல்லாவற்றிலும் சி பிளஸ். ஆம்காஸ் கணக்கில் சி பிளஸுக்கு 2.3. உடனே மொத்த ஜிபிஏ 3.28-க்கு இறங்கிவிடும். உடம்பு தேறி, பழையபடியே 3.8 எடுத்து 120 கிரெடிட்டை முடித்தால், நான்கு வருடத்தின் முடிவில் நிற்பது 3.6. மீதியுள்ள 74 கிரெடிட்டிலும் ஒரு ஏ மைனஸ்கூட வாங்காமல் சுத்தமாக 4.0 எடுத்தாலும் 3.72-தான். அண்மை ஆண்டுகளில் எம்.டி. என்னும் முதல் மருத்துவப் பட்டம் தரும் கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ ஏறத்தாழ 3.77. அதாவது நோய்க்குப் பிறகு ஒரு பிசகும் இல்லாமல் படித்த பெண்கூட, சேர்ந்தவர்களின் சராசரிக்குக் கீழேதான் நிற்பாள். ஆண்டுக்கு 50,000-க்கு மேல் விண்ணப்பித்து 23,000 பேருக்குப் பக்கத்தில் சேரும் இடத்தில் அந்த வித்தியாசம் சின்னதில்லை. அறிவியல், கணிதப் பாடங்களுக்கு ஆம்காஸ் தனியாக ஒரு ஜிபிஏ போடுகிறது. அதில் கிரெடிட் குறைவு என்பதால் சரிவு இன்னும் ஆழமாக இருக்கும்.

திரும்பப் படித்து எழுதினால் பழைய மதிப்பெண் மறைந்துவிடும் என்று பல பெற்றோர் நம்புகிறார்கள். கல்லூரியின் சொந்தக் கணக்கில் மறையலாம். ஆம்காஸ் இரண்டு முயற்சியையும் சேர்த்தே சராசரி போடும். எம்.டி.க்கு இணையான இன்னொரு மருத்துவப் பட்டமான டி.ஓ. தரும் கல்லூரிகளுக்கான விண்ணப்பச் சேவை ஆகோமாஸ், புதிய மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை வைத்திருந்தது. 2017-இல் அதையும் கைவிட்டது. நோயிலிருந்து மீண்டு வந்தவர்களுக்கு இருந்த ஒரு நேர்மையான கதவு அது. அதை மூடியிருக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

ஆம்காஸ் ஆண்டுவாரியாகவும் ஜிபிஏவைக் காட்டுகிறது, நிதானமாகப் படிப்பவர் கண்ணுக்கு இரண்டாம் ஆண்டின் பள்ளமும் அதன் பிறகான ஏற்றமும் தெரியத்தான் செய்யும். ஏறுமுகமாக இருந்தால் போதும் என்று ஆலோசகர்கள் ஆறுதல் சொல்வது இதை வைத்துத்தான். அந்த ஆறுதலில் உண்மை உண்டு. ஆனால் விண்ணப்பம் நிதானமாகப் படிப்பவரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். முதல் சல்லடையில் மொத்த எண்ணை மட்டும் பார்த்து ஒதுக்கும் கல்லூரிகளும் இருக்கின்றன.

பின்னோக்கி விலகுதல்

நோய்க்குப் பெயர் வந்த பிறகு அவளுக்கு ஒரு வழி திறந்தது. மருத்துவக் காரணத்துக்காக, முடிந்துபோன செமஸ்டரிலிருந்து பின்னோக்கி விலகிக்கொள்ள மனுச் செய்யலாம். மருத்துவச் சான்று வேண்டும், அது நோயை அந்தத் தேதிகளோடு பொருத்திக் காட்ட வேண்டும். அநேக இடங்களில் இருப்பது போலவே இங்கேயும் ஒரு நிபந்தனை: விலகினால் அந்தச் செமஸ்டரின் எல்லாப் பாடங்களிலிருந்தும் விலக வேண்டும். வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைக் கழிக்க முடியாது.

ஏப்ரலில் பாதி நிரப்பிய மனுவோடு என் அறையில் உட்கார்ந்திருந்தாள். அதற்குள் சிகிச்சை தொடங்கியிருந்தது. இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்தை முதல் நாள், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம் என்று நரம்பில் ஏற்றி, பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறை தொடர்வார்கள். மருந்து கேட்டது. முகத்தில் ரத்தம் ஓடத் தொடங்கியிருந்தது. இரண்டாம் பாக ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் பி பிளஸுக்குப் பக்கத்தில் நின்றாள். சிக்கலே அதில்தான் இருந்தது. மனு ஏற்கப்பட்டால் முதல் பாகமே படிக்காதவள் ஆகிவிடுவாள். முதல் பாகம் இல்லாமல் எழுதிய இரண்டாம் பாகம் அந்தரத்தில் நிற்கும். 16 கிரெடிட் போகும், அதற்குக் கட்டிய பணம் போகும், பட்டம் ஒரு செமஸ்டர் தள்ளும். மத்திய அரசின் கல்வி உதவிக்கு, எடுத்த பாடங்களில் குறிப்பிட்ட விகிதத்தை முடித்திருக்க வேண்டும். பொதுவாக 67 சதவீதம் என்பார்கள். டபிள்யூக்கள் அதில் முடிக்காதவையாகவே எண்ணப்படும். நோயைக் காரணம் காட்டி அதற்கும் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு இன்னொரு படிவம், இன்னொரு சான்று.

அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள், நான் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் மனுவை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "நான் நெஜமாவே அந்தக் கோர்ஸ முடிச்சேன் ப்ரொபசர். முடிக்கலன்னு எழுதிக் கொடுக்க எனக்குப் பிடிக்கல" என்றாள். அதில் எத்தனை பங்கு கணக்கு, எத்தனை பங்கு ரோஷம் என்று நான் கேட்கவில்லை. இரண்டுக்குமே இடம் உண்டு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. வெளியேறும் வழிகள் அத்தனையும் நோயைச் சொன்னதும் அதற்குப் பெயரும் தேதியும் தந்துவிடக்கூடியவர்களை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. கால் உடைந்தால் எக்ஸ்ரே இருக்கும், அப்பென்டிக்ஸ் வெடித்தால் ஆஸ்பத்திரி ரசீது இருக்கும். மெல்ல வந்து மெல்லத் தின்னும் நோய்களுக்கு, தைராய்டோ லூபஸோ மனச்சோர்வோ குடல் அழற்சியோ, அந்தக் காகிதம் கெடு முடிந்த பிறகே கைக்கு வரும். அதற்குள் மதிப்பெண் பதிவாகியிருக்கும்.

அவள் அம்மா ஒருமுறை எனக்குப் போன் செய்தார். கல்லூரி இணையதளத்தில் என் பெயரைப் பார்த்துவிட்டு, "மேடம், நீங்களும் நம்ம பக்கம்தானே. அவ எங்ககிட்ட எதுவும் சொல்றதில்ல. கிளாஸுக்கு வர்றாளா, இல்லையா, அத மட்டும் சொல்லுங்க போதும்" என்றார். குரல் உடைந்திருந்தது. 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம் கல்லூரியில் சேர்ந்த மாணவரின் பதிவுகள் மீதான உரிமையை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறது. மாணவி எழுதிக் கொடுக்காமல் பெற்றோரிடம் எதையும் சொல்லக் கூடாது என்பதுதான் எங்களுக்கு இருக்கும் கண்டிப்பு. "அவங்களயே உங்ககிட்ட பேசச் சொல்றேம்மா" என்று மட்டும் சொல்ல முடிந்தது. அந்தச் சட்டம் சரியானது என்றே கருதுகிறேன். அதே சமயம், நோய் என்று சொன்னால் வீட்டுக்கு வா என்பார்கள், படிப்பு போய்விடும் என்று பயந்து மறைக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனை பேர் என்பதும் எனக்குத் தெரியும்.

படிப்பை நிறுத்தினால் வேறு ஏதாவது போய்விடும் என்ற பயம் ஆதாரமில்லாததும் இல்லை. நியூ ஹாம்ப்ஷயரில் மிஷெல் மோர்ஸ் என்ற கல்லூரி மாணவிக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. முழுநேர மாணவியாக இல்லாவிட்டால் பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டிலிருந்து விழுந்துவிடுவாள் என்பதால் கீமோதெரபியோடு முழுப் பாடச்சுமையையும் சுமந்தாள். 2005-இல் இறந்துபோனாள். அவள் தாயின் போராட்டத்தால் 2008-இல் அவள் பெயரிலேயே சட்டம் வந்தது. நோய்க்காக விடுப்பெடுக்கும் மாணவருக்கு ஓராண்டுவரை காப்பீடு நீடிக்க அது வழி செய்தது. இப்போது 26 வயதுவரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம் என்பதால் அந்தக் கத்தி பெரும்பாலோருக்கு நீங்கிவிட்டது. ஆனால் ஊரிலிருந்து எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் வந்த பிள்ளைகளுக்கு வேறொரு கத்தி இருக்கிறது. இளநிலையில் 12 கிரெடிட்டுக்குக் கீழே போனால் விசா நிலையே ஆட்டம் காணும். மருத்துவக் காரணத்துக்காகப் பாடச்சுமையைக் குறைக்கச் சட்டம் இடம் தருகிறது, மொத்தம் 12 மாதங்கள்வரை. ஆனால் மருத்துவரின் பரிந்துரையோடு சர்வதேச மாணவர் அலுவலகத்தின் ஒப்புதலை முதலில் வாங்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பாடத்தை விட வேண்டும். இந்த வரிசை மாறியதால் அலைக்கழிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இதைப் படிப்பவர்களில் யாருடைய பிள்ளையாவது அப்படி வந்திருந்தால் இதை மட்டும் தயவுசெய்து சொல்லி வையுங்கள்.

எல்லோரும் சேர்ந்து படுத்த செமஸ்டர்

இவ்வளவும் சொன்னால், விதி என்றால் விதிதான், ஒவ்வொருவருக்கும் விலக்குக் கொடுத்தால் மதிப்பெண்ணுக்கு அர்த்தம் என்ன என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நான் அவர்களுக்கு 2020-இன் ஸ்பிரிங் செமஸ்டரை நினைவூட்டுவேன். கொரோனா வந்ததும் சில வாரங்களுக்குள் பல கல்லூரிகள் மதிப்பெண்ணை எடுத்துவிட்டுத் தேர்ச்சி என்று மட்டும் போட்டன, அல்லது அப்படிப் போட்டுக்கொள்ள மாணவரை விட்டன. எழுத்து மதிப்பெண் இல்லாமல் கட்டாயப் பாடத்தை ஏற்கவே மாட்டோம் என்றிருந்த பல மருத்துவக் கல்லூரிகள் அந்தச் செமஸ்டருக்கு ஏற்றுக்கொண்டன. ஏழரை மணி நேரம் இழுக்கும், மருத்துவக் கல்லூரிகளுக்கான எம்கேட் நுழைவுத் தேர்வையே அந்த ஆண்டு சில மாதங்களுக்கு ஐந்தே முக்கால் மணி நேரமாகச் சுருக்கினார்கள். யாரும் தன் உடம்பைப் பற்றிச் சான்று கொடுக்கவில்லை. அப்படி வந்தவர்கள் இன்று ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சியில் இருக்கிறார்கள், நம்மையும் நம் பெற்றோரையும் பார்த்துக்கொள்கிறார்கள்.

அப்போது செய்தது சரி. உலகமே படுத்திருந்தபோது சரியாக இருந்த ஒன்று, ஒரே ஒரு பெண் விடுதி அறையில் தனியாகப் படுத்திருக்கும்போது ஏன் சரியில்லாமல் போகிறது? எல்லோருக்கும் வந்த நோயை விளக்க வேண்டியிருக்கவில்லை. தனக்கு மட்டும் வந்த நோயைத்தான் அவள் 1,325 எழுத்துக்களில் விளக்கினாள். மொத்த விண்ணப்பத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. வாழ்க்கையில் எதிர்கொண்ட இடர்களைச் சொல்ல அண்மையில் சேர்த்த கேள்வி அது. இடைவெளி, நிறுத்தற்குறியெல்லாம் சேர்த்து 1,325. மதிப்பெண் சரிந்து கல்லூரி எச்சரிக்கைப் பட்டியலில் போட்டுவிட்டால் இன்னும் மோசம். காப்பியடித்துப் பிடிபட்டவர்கள் பதில் சொல்லும் அதே கேள்வியின் கீழ்தான், நோயால் 2.0-க்குக் கீழே போன பிள்ளையும் பதில் எழுத வேண்டும். அவளுக்கு அது நேரவில்லை. நேர்ந்தவர்களை அறிவேன்.

அந்தக் கட்டத்துக்கான வரைவுகளை அவள் எனக்குக் காட்டினாள். முதல் வரைவு நன்றாக இருந்தது: எப்போது தொடங்கியது, எப்போது கண்டுபிடித்தார்கள், இப்போது எப்படி இருக்கிறது, அவ்வளவுதான். ஆலோசகர் ஒருவர், இதிலிருந்து நீ என்ன கற்றாய் என்பதைச் சேர் என்றாராம். அடுத்த வரைவில் நோய் அவளுக்கு மனவுறுதியும் நோயாளிகள் மீது கருணையும் கற்றுத் தந்திருந்தது. படிக்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. பொய் என்று சொல்லவில்லை. ஆனால் எட்டு கிலோ எடை குறைந்து கழிவறையில் உட்கார்ந்து அழுத ஒரு செமஸ்டர் ஏதாவது கற்றுத் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வருகிறது? நோய் வெறும் நோயாக இருந்து, சிகிச்சை கிடைத்து, அவள் பழையபடி படித்தாள் என்றால் போதாதா? முதல் வரைவையே அனுப்பச் சொன்னேன். அவள் இரண்டுக்கும் நடுவில் ஒன்றை அனுப்பினாள்.

பரிந்துரைக் கடிதத்துக்கு என்னிடம்தான் வந்தாள். சி பிளஸ் போட்டவரிடமே கேட்கலாமா என்று அவளுடைய தோழிகள் தயங்கினார்களாம். அவளுடைய உடம்பைப் பற்றி அவள் அனுமதி இல்லாமல் ஒரு வரியும் எழுத மாட்டேன் என்று முதலில் சொன்னேன். எழுதுங்கள் என்றாள். நான் பார்த்ததை எழுதினேன். எந்தத் தேர்வில் எந்தக் கேள்விவரை கையெழுத்து நேராக இருந்தது, எதற்குப் பிறகு சாய்ந்தது என்பது என் நினைவில் இருந்தது. முதல் பகுதியில் அவள் எழுதிய வேதிவினை வழிமுறைகள் என் மாணவர்கள் எழுதியவற்றிலேயே சிறந்தவை, கடைசிப் பக்கங்கள் வெறுமை. புரியாமல் விட்டதற்கும் முடியாமல் விட்டதற்கும் உள்ள வித்தியாசம் விடைத்தாள் திருத்துபவருக்குத் தெரியும். டிரான்ஸ்கிரிப்டில் அதைக் காட்ட இடமில்லை, கடிதத்தில் இருந்தது. ஆகவே அங்கே எழுதினேன்.

தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு விழாவில், பெயர் சொல்லாமல் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு டாக்டர் சொன்னார்: "வாரத்துக்கு எண்பது மணி நேரம் வேலைங்க. நோயோட இருக்கற பொண்ணு எப்படித் தாங்கும்? இப்பவே தடுத்து நிறுத்தறதுதான் அவளுக்கு நல்லது." அக்கறையோடுதான் சொன்னார். ரெசிடென்சியில் எண்பது மணி நேரம் என்பதே 2003-இல் வைத்த உச்சவரம்பு. அதற்கு முன் நாடு முழுவதற்குமாக அதுவும் இல்லை. ஆனால் அவள் நோயோடு இருந்து விழுந்தது சிகிச்சை இல்லாத செமஸ்டரில். சிகிச்சையோடு இருந்த ஐந்து செமஸ்டரில் அவள் விழவில்லை. எட்டு வாரத்துக்கு ஒருநாள் மருந்தேற்றப் போவாள், அந்த நாளில் தேர்வு வந்தால் மாற்றித் தருவோம். மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதைத்தான் கேட்கிறது. அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்டதில்லை. சர்க்கரை நோயோடும் ஆஸ்துமாவோடும் வேலை பார்க்கும் டாக்டர்கள் அந்த விழாவிலேயே இருந்தார்கள். அவர்களுக்கு நோய் வந்தது சேர்க்கைக்குப் பிறகு என்பதுதான் வித்தியாசம்.

முதல் முறை இரண்டு நேர்காணல் வந்தது, ஒரு காத்திருப்புப் பட்டியல், இடம் கிடைக்கவில்லை. இப்போது ஒரு மருத்துவமனையில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே இரண்டாம் முறை விண்ணப்பித்திருக்கிறாள். டி.ஓ. கல்லூரிகளையும் சேர்த்திருக்கிறாள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நோய்க்குப் பெயர் தாமதமாக வந்தது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால், முடிந்த செமஸ்டரின் ஒரு பாடத்தை மட்டும் தேர்ச்சி என்று மாற்றிக்கொள்ள ஓராண்டு அவகாசம் வேண்டும். கிரெடிட் நிற்கட்டும், எழுத்து போகட்டும். 2020-இல் இதைத்தான் செய்தோம், ஆகவே செய்யத் தெரியும். எங்கள் கல்லூரியின் கல்விக் குழுவில் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு முறை தள்ளிவைத்திருக்கிறார்கள், அடுத்த கூட்டத்திலும் வைப்பேன்.

இந்தச் செமஸ்டரில் ஒரு பையன் லேபுக்கு வருவதை விட்டுவிட்டுக் கேட்டால், "ஒண்ணுமில்ல, டயர்டா இருக்கு" என்கிறான். என்னவென்று அவனுக்கும் தெரியவில்லை, டாக்டருக்கும் தெரியவில்லை. காரணம் தெரியும்வரை காத்திருக்காதே என்று சொல்லி, டீன் அலுவலகத்துக்கும் மாற்றுத்திறனாளி மாணவர் சேவைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். எந்தத் தேதியிலிருந்து எந்த வகுப்புக்கு வர முடியவில்லை, எப்போது யாரிடம் வைத்தியத்துக்குப் போனான் என்பதை அங்கேயே உட்கார்ந்து எழுதிப் பதிவு செய்தான். தற்காலிகமாகச் சில சலுகைகள் கொடுத்திருக்கிறார்கள். விலகும் கெடு அடுத்த வெள்ளிக்கிழமை. அதற்குள் ரத்தப் பரிசோதனை முடிவு வரும் என்கிறார்கள். வராவிட்டால் இரண்டு பாடங்களை விட்டுவிடு, எஃப்-1 என்பதால் முதலில் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வாங்கு என்று சொல்லியிருக்கிறேன். ஊரில் இருக்கும் அவன் அப்பாவிடம் டபிள்யூ என்றால் என்ன என்பதை அவனே இன்று ராத்திரி போனில் சொல்கிறானாம்.